அடித்த காசு யார் கைக்குப் போகிறது?

"அரசாங்கம் காசைக் கூடுதலா அடிச்சுக் கொடுத்துட்டா நம்ம கஷ்டம் தீர்ந்திடாதா, அண்ணே?" பால்மரம் வெட்டும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்விதான்.

ஜப்பான்காரன் ஆண்ட 1942–45 காலத்தில் மலாயாவில் அதைத்தான் செய்தார்கள். வாழைமர நோட்டை இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளினார்கள். கையில் நோட்டு இருந்தது. கடையில் அரிசி இல்லை. விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1945-இல் ஜப்பான் தோற்றதும் அந்த நோட்டு வெறும் காகிதமானது.

அப்படியானால், பணம் பெருகினாலே விலை ஏறிவிடுமா? அமெரிக்காவைப் பாருங்கள். 2008 நிதி நெருக்கடியின்போது அந்நாட்டு மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. அதற்காக நோட்டு அடிக்கவில்லை. வங்கிகளின் கணக்கில் புதுத் தொகையை எழுதியது, அவ்வளவுதான். அதன் ஐந்தொகை, அதாவது சொத்து-கடன் கணக்கு, சுமார் 90 ஆயிரம் கோடி டாலரிலிருந்து 2014 கடைசியில் 4.5 லட்சம் கோடி டாலராக வீங்கியது. "விலைவாசி பறக்கப் போகுது" என்று பலர் பயந்தார்கள். பறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் விலையேற்றம் சராசரியாக 2 சதவீதத்தைத் தாண்டவில்லை.

காரணம், பணத்தின் பெரும்பகுதி வங்கிக் கணக்குகளிலேயே முடங்கிக் கிடந்தது. ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கும் சம்பளப் பணம் கருவாட்டு விலையை ஏற்றுமா? சம்பள நாளில் அது எல்லார் கைக்கும் வந்து, கருவாடும் குறைச்சலாக இருந்தால்தானே வியாபாரி விலையைக் கூட்டுவார்!

2020-இல் கொரோனா வந்தபோது அதுதான் நடந்தது. மத்திய வங்கி மறுபடியும் பத்திரங்களை வாங்கியது. அரசாங்கமோ கடன் வாங்கிக் குடும்பங்களின் கையிலேயே பணம் கொடுத்தது. ஆலைகளும் கப்பல்களும் முடங்கிச் சாமான் தட்டுப்பட்டது. 2022-இல் உக்ரேன் போர் எண்ணெய், தானிய விலைகளை ஏற்றியது. ஐந்தொகை 9 லட்சம் கோடி டாலரை நெருங்க, அவ்வாண்டு ஜூனில் விலையேற்றம் 9.1 சதவீதமானது. 40 ஆண்டுகளில் காணாத ஏற்றம்! பிறகு வட்டியை உயர்த்தி, ஐந்தொகையையும் சுருக்கித்தான் அதை அடக்கப் பார்த்தார்கள்.

ஆகவே தோழர்களே, "எவ்வளவு பணம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. அது யார் கைக்குப் போகிறது, கடையில் சாமான் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சம்பளம் 5 சதவீதம் கூடி, விலை 9 சதவீதம் ஏறினால் நமக்கு நஷ்டம்தான். கூலி பேசும்போது வெள்ளியை மட்டும் எண்ணாதீர்கள். அந்த வெள்ளிக்கு எத்தனை கிலோ அரிசி வரும் என்றும் எண்ணுங்கள்.