அஞ்சலட்டையில் வந்த ஊர்

தென் பிரான்சின் மார்செய் நகர இரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் இறங்க 104 படிகள் உள்ளன. 1927இல் திறந்து வைக்கப்பட்ட அகன்ற கற்படிகள் அவை. அடிவாரத்தில் இருபுறமும் இரண்டு பெண் சிலைகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்று பிரான்சின் ஆசியக் காலனிகளையும், மற்றது ஆப்பிரிக்கக் காலனிகளையும் குறிப்பதாம். காரைக்காலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஆசியப் பெண்ணைக் கண்டதும் சிரிப்பு வந்தது. 1954 வரை எங்கள் ஊரும் அவள் கணக்கில்தானே இருந்தது!

படிகளின் உச்சியில் நின்று என் கணவர் எதிரே தெற்கு நோக்கிக் கை நீட்டினார். தொலைவில் ஒரு குன்று. அதன் மேல் ஒரு தேவாலயம். அதன் கோபுரத்தின் மீது பொன்னாய் மின்னும் ஒரு சிலை. "அதேதான்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படம் அச்சிட்ட அஞ்சலட்டை என் கைப்பையில் இருந்தது. 1987இல் அவர் கப்பலிலிருந்து இறங்கி இந்த ஊரில் வாங்கி அனுப்பியது அது.

அவர் 26 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் பண்டாரியாக, அதாவது சமையற்காரராக, உழைத்தவர். ஊரில் எல்லோரும் 'சபுராளி வீடு' என்றே எங்கள் வீட்டைச் சொல்வார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். பிள்ளைகள் தலையெடுத்து, ஹஜ் கடமையும் நிறைவேறிய பின், "உல்லாசப் பயணம் எங்கே போகலாம் சொல்லுங்கள், நாங்கள் அனுப்புகிறோம்" என்று மகன்கள் கேட்டார்கள். பாரிஸ் என்பார், இலண்டன் என்பார் என்று நினைத்தேன். "மார்செய்" என்றார். 2023 மே மாதம், ஒரு புதன்கிழமை, பாரிஸிலிருந்து அதிவேக இரயிலில் மூன்றேகால் மணி நேரத்தில் அங்கே சென்று சேர்ந்தோம்.

கி.மு. 600ஆம் ஆண்டளவில் கிரேக்க மாலுமிகள் குடியேறி உருவாக்கிய ஊர் இது. அந்தப் பழைய துறைமுகமே இன்றும் நகரின் நடுமுற்றமாக இருக்கிறது. பெரிய கப்பல்களெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வடக்கே கட்டிய புதிய துறைகளுக்குப் போய்விட்டன. இங்கே பாய்மரப் படகுகளும் மீன்பிடி படகுகளும் மட்டுமே. சூயஸ் கால்வாய் வெட்டப்பட்ட பின் கீழ்த்திசைக் கப்பல்களுக்கெல்லாம் மார்செய்தான் வாசல். எங்கள் பக்கத்திலிருந்து 'சொல்தா'வாகப் பிரெஞ்சுப் படைக்குப் போன பெரியவர்கள் பலர் முதலில் கால் வைத்த மண்ணும் இதுவே.

துறைமுகக் கரையில் 2013இல் நார்மன் ஃபாஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு விதானம் அமைத்திருக்கிறார். மெல்லிய தூண்கள் மேல் நிற்கும் அந்தக் கூரையின் அடிப்புறம் முழுவதும் கண்ணாடி போல் பளபளக்கும் எஃகு. அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால் நாம் தலைகீழாகத் தொங்குகிறோம். எல்லோரும் குழந்தைகளைப் போல் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். என் உருவம் ஓரிடத்தில்; என் கணவரின் உருவம் பத்தடி தள்ளி, விரைந்து போய்க்கொண்டிருக்கிறது. அவர் எப்போதும் அப்படித்தான் நடப்பார். நான் பின்னால் ஓடுவேன். கடைத்தெருவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்த் திரும்பும் தொலைவில் அது பெரிதாகத் தெரிந்ததில்லை. நாள் முழுவதும் நடக்கும் ஊரில் தெரிந்தது. "என்னங்க, கொஞ்சம் நில்லுங்கள்" என்று சத்தமாகவே கூப்பிட்டேன். நம் மொழி யாருக்குப் புரியப் போகிறது?

சமையலறையுடன் கூடிய ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஹலாலான உணவை நாடும் நம்மவர்களுக்கு விடுதியைவிட இதுவே வசதி. முதல் நாள் தொழுகையில் ஒரு தடுமாற்றம். ஊரில் கிப்லா மேற்கே, இங்கே தென்கிழக்கே. பழக்கத்தில் முஸல்லாவை மேற்கு நோக்கி விரித்துவிட்டேன். அவர்தான் திருத்தினார், கடலில் நாளுக்கு நாள் கிப்லா மாறிய வாழ்க்கை அல்லவா? மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணியளவில்தான் கதிரவன் மறைகிறான். மஃரிபுக்காகக் காத்திருந்தே எங்களுக்குக் கண் சொக்கியது.

பயணம் செய்ய எண்ணும் சகோதரிகள் கேட்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரான்சில் அரசுப் பள்ளிக்கூட மாணவியர் தலைத்துணி அணிய 2004 முதல் தடை உண்டு. பொது இடங்களில் முகத்தை மூடுவதற்கு 2011 முதல் தடை உண்டு. முகம் தெரிய முக்காடிட்டுத் தெருவில் போவதற்குத் தடையில்லை. மார்செய்யில் முக்காடிட்ட பெண்களை ஒவ்வொரு தெருவிலும் பார்த்தேன்.

மறுநாள் காலை துறைமுகக் கரையில் மீன் சந்தை. படகிலிருந்து இறங்கிய மீன் நீர்த்தொட்டியில் துள்ளிக்கொண்டிருக்க, பெண்கள் கூவி விற்கிறார்கள். புய்யாபேஸ் என்னும் குங்குமப்பூ சேர்த்த மீன்குழம்பு இவ்வூரின் பெருமை. அதற்கென முள் நிறைந்த செந்நிறப் பாறைமீனைத் தேடி வாங்குகிறார்கள். என் கணவர் மத்தி மீன் வாங்கினார். பிறகு நொவாய் என்னும் கடைப்பகுதிக்கு நடந்தோம். வண்டி வண்டியாகப் புதினா, ஒலிவக்காய், பேரீச்சம்பழம், ஹலால் இறைச்சிக் கடைகள், அரபியிலும் பிரெஞ்சிலும் பேரம். பாரிஸில் இருந்த அந்நியம் இங்கே இல்லை. கடலை மாவைக் காய்ச்சி, ஆறவிட்டு, வட்டமாக நறுக்கி எண்ணெயில் பொரித்த 'பனிஸ்' என்ற பலகாரத்தைத் தின்று பார்த்தோம். நம் பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம். உப்பும் மிளகும்தான் உண்டு, காரம் கிடையாது. அந்தப் பகுதியிலேயே ஒபான் தெருவில் 2018 நவம்பரில் பழைய வீடுகள் இடிந்து எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஏழைகள் நெருங்கி வாழும் வீடுகளைப் பழுது பார்க்காமல் விட்டதன் விலை அது. சந்தையின் கலகலப்பை மட்டும் எழுதி அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

அன்று இரவு, நம் வழக்கில் வெள்ளியிரவு, அவரே சமைத்தார். முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் ஆக்கிப் போட்டவர் என் அடுப்படியில் ஒருநாளும் கரண்டி பிடித்ததில்லை. விடுப்பில் வந்தவரைச் சமைக்க விடுவதா என்று வீட்டில் யாரும் அனுமதித்ததும் இல்லை. நொவாய் கடையில் கிடைத்த புளியைக் கரைத்து அவர் வைத்த மத்திக் குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"உம்மா மவுத்தான செய்தி எனக்கு இந்த ஊரில்தான் கிடைத்தது."

அது எனக்குத் தெரியும். மாமி இறந்து இருபத்து மூன்று நாள் கழித்து, துறைமுகம் துறைமுகமாகத் துரத்திச் சென்ற கடிதத்தைக் கப்பல் ஏஜெண்டு அவரிடம் கொடுத்தது இங்கேதான். அதன் பிறகு நடந்ததை அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுக வாயிலைத் தாண்டி நடந்திருக்கிறார். ஒரு பெரிய கல் வளைவு. அதன் பின்னே அல்ஜீரியர்களின் துணிக்கடைகள். ஒரு கடைக்கு அருகில் இரண்டு படி கீழே இறங்கினால் சின்னத் தொழுகைக் கூடம். ளுஹர் முடிந்த நேரம். கொமொரோத் தீவுக்காரரான இமாமிடம் தனக்குத் தெரிந்த அரபியில் செய்தியைச் சொன்னார். கொமொரோவினர் எங்களைப் போல் ஷாஃபிஈ மத்ஹபினர். தொலைவில் இறந்தவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுவது அவர்களிடமும் உண்டு. அங்கிருந்த மற்றவர்கள் பெரும்பாலும் மாலிகீகள். அவர்கள் மத்ஹபில் அது வழக்கமில்லை. ஆயினும் யாரும் வெளியேறவில்லை. மொத்தம் பதினோரு பேர். இமாம் அவர்களை மூன்று ஸஃப்பாக நிறுத்தினார். பெயர் தெரியாத அந்தப் பதினோரு பேர்தாம் காரைக்காலில் அடங்கிய என் மாமிக்காக அன்று தொழுதவர்கள்.

"நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். ஆறு மணிக்குக் கப்பல்" என்றார்.

மறுநாள் ஜும்ஆ. இத்தனை முஸ்லிம்கள் வாழும் ஊரில் பெரிய பள்ளிவாசல் ஒன்று கட்ட 2010இல் அடிக்கல் நட்டார்கள், கட்டடம் எழவில்லை. எனவே தொழுகையெல்லாம் சிறு பள்ளிகளில்தான். நாங்கள் போன பள்ளியில் ஜமாஅத் தெருவோரம் வரை நிறைந்திருந்தது. பெண்களுக்குத் திரைக்கு அப்பால் இடம் இருந்தது. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது என் கணவர் கொமொரோப் பெரியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். அவரும் கப்பலில் உழைத்தவராம். கொமொரோவினர் பலர் இந்த ஊருக்கு வந்ததே கப்பல் வேலையால்தான். இருவரும் துறைமுகங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தலையாட்டினார்கள். பிறகு எங்களுடனே நடந்து வந்தார்.

போர்த் தேக்ஸ் வளைவு, 1839இல் முடிக்கப்பட்டது, நின்ற இடத்தில் நிற்கிறது. சுற்றுப்புறம்தான் மாறிவிட்டது. நெடுஞ்சாலை அந்த வளைவு வரை வந்த காலம் போய், இப்போது பூங்கா. அதன் கீழே பெல்சன்ஸ் பகுதித் தெருக்களில் ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். துணிக்கடை இருந்த இடங்களில் கைபேசிக் கடைகள். இரண்டு படி கீழிறங்கும் கதவு ஒன்று தெருக்கோடியில் அடைத்துக் கிடந்தது. "இதுவா?" என்று கேட்டேன். "இதுவாக இருக்கலாம்" என்றார். அக்காலத்தில் இப்படிப்பட்ட கூடங்கள் நிறைய இருந்தன என்றார் பெரியவர். அந்த இமாமின் பெயரும் தெரியாததால் அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. மூவரும் அங்கேயே நின்று பாத்திஹா ஓதினோம். பெரியவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க எங்களை விடவில்லை.

சனிக்கிழமை 60ஆம் எண் பேருந்தில் குன்றின் மேல் ஏறினோம். 1864இல் திறக்கப்பட்ட நோத்ர் தாம் தேவாலயம். உச்சியில் மர்யம் (அலை) அவர்களின் பெயரால் அமைந்த பதினோரு மீட்டர்ப் பொற்சிலை. ஊரார் அதை 'நல்ல தாய்' என்கிறார்கள். சிலை வைப்பது நம் மார்க்கத்தில் இல்லை. ஆனால் அவர்களின் பெயரால் ஓர் அத்தியாயமே ஓதுகிறவர்கள் நாம். என் கணவர் வெளித்திண்ணையிலேயே நின்றுவிட, பார்வையாளராக நான் மட்டும் உள்ளே போனேன்.

கூரையிலிருந்து சிறு சிறு கப்பல் பொம்மைகள் நூலில் தொங்குகின்றன. சுவரெங்கும் புயலில் சிக்கிய கப்பல்களின் ஓவியங்கள், 'நன்றி' என்று பொறித்த சலவைக்கல் பலகைகள். கடலுக்குப் போனவன் திரும்பி வந்ததற்காக அவன் வீட்டார் வைத்தவை. வானொலியில் புயல் செய்தி கேட்ட இரவுகளில் நானும் என் மாமியும் யாஸீன் ஓதிக்கொண்டு விழித்திருந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

அவர் வடக்கே கப்பல் துறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து அஞ்சலட்டையை எடுத்துக் கொடுத்தேன். அன்று காலையில், கடிதம் கிடைக்கும் முன்பே, அவர் எழுதித் தபாலில் சேர்த்தது. நலம் விசாரித்த இரண்டு வரிகளுக்குக் கீழே, 'உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லவும்' என்று இருந்தது.

"இது உனக்கு வந்ததா?" என்றார். அவர் குரல் மாறிவிட்டது.

"வந்தது. மாமியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள்."

"ஸலாமை என்ன செய்தாய்?"

முப்பத்தாறு ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருந்தது அது. மூத்தவனுக்கு அப்போது ஆறு வயது. என் தம்பியுடன் அவனை மையவாடிக்கு அனுப்பினேன். கபர் அருகில் நின்று, "வாப்பும்மா, வாப்பா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

கீழே இறங்கும் பேருந்து நிரம்பி வழிந்தது. அஸருக்கு இன்னும் நேரம் இருந்தபடியால் நடந்தே இறங்கினோம். செங்குத்தான பாதை, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.