பேயால் யாருக்கு ஆதாயம்?

ப்யோம்கேஷ் பக்ஷி சின்னத்திரையில் கேட்ட கேள்வியை நிஜத்தில் கேட்க ஆளில்லை

மாடி அறை. வெளியே கும்மிருட்டு. உள்ளே இருப்பவர் தற்செயலாகத் திரும்புகிறார். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு முகம். அவரையே பார்க்கிறது. தரையில் நிற்கும் மனிதனின் முகம் இருக்க முடியாத உயரம் அது. ஆகவே, ஊர் முடிவு செய்துவிட்டது: பேய்தான். அதுவும் யாரோ எவரோ அல்ல. அந்த வீட்டிலேயே கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்த நகை வியாபாரி வைகுண்ட தாஸின் பேய்.

தூர்தர்ஷனில் 1993இல் பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் வந்த 'ப்யோம்கேஷ் பக்ஷி' தொடரை அந்த நாளில் பார்த்தவர்களுக்கு 'பூத்' என்ற எபிசோடு மறந்திருக்காது. வேட்டியும் ஜிப்பாவுமாக ரஜித் கபூர். கூடவே, நண்பர் அஜித்தாக கே.கே. ரெய்னா. துப்பாக்கிச் சண்டை கிடையாது, கார் துரத்தல் கிடையாது. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு யோசிப்பார்கள். அவ்வளவுதான். தன்னை யாராவது துப்பறிவாளர் என்று சொன்னால் ப்யோம்கேஷுக்குப் பிடிக்காது; 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவன் என்றுதான் சொல்லிக்கொள்வார். இந்தி தெரியாத தமிழ் வீடுகளிலும் அந்தத் தொடர் ஓடியது. வேறு சேனல் இல்லாததும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூலக்கதை சரதிந்து பந்தோபாத்யாய 1930களில் வங்காளியில் எழுதிய 'ப்யோம்கேஷ் ஓ பரதா'. களம், பீகாரின் முங்கேர். போலீஸ் அதிகாரியான நண்பரின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார் ப்யோம்கேஷ். அந்த ஊரில் பரதா பாபு என்று ஒருவர். பேய் விஷயத்தில் கரைகண்டவர். வைகுண்ட தாஸ் கொலையாகி மாதங்கள் ஆகியும் கொலைகாரன் அகப்படவில்லை, வியாபாரியின் ரத்தினங்களும் அகப்படவில்லை. இப்போது அந்த வீட்டில் குடியிருக்கும் கைலாஷ் பாபுவுக்கு ஜன்னலில் முகம் தெரிகிறது. வீட்டைக் காலிசெய்துவிடுங்கள் என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள்.

பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்தில் ப்யோம்கேஷ் மாட்டிக்கொள்வதில்லை. அவர் மனத்தில் ஓடும் கேள்வி வேறு. இந்த வீடு காலியானால் யாருக்கு ஆதாயம்? அந்த நூலைப் பிடித்ததும் மற்றதெல்லாம் தானாக அவிழ்கிறது. ரத்தினங்கள் இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கின்றன. கொலை செய்தவனுக்கு அவற்றைத் தேட அவகாசம் வேண்டும். அதற்கு வீடு காலியாக வேண்டும். மாடி ஜன்னலுக்கு அவன் வளர்ந்தது மரக்காலில் ஏறி. வங்காளத்தில் 'ரண்பா' என்பார்கள். அந்தக் காலக் கொள்ளைக்காரர்கள் இரண்டு நெடுங்கழிகளில் காலை ஊன்றிக்கொண்டு குதிரை வேகத்தில் ஓடினார்கள் என்பது அங்கே எல்லோரும் அறிந்த சங்கதி. (கதையின் முடிச்சைப் போட்டு உடைத்துவிட்டதாகக் கோபிக்க வேண்டாம். கதைக்கு வயது 80க்கு மேல் ஆகிவிட்டது.)

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோற்றுப்போகும் பரதா பாபுவும் சரதிந்துவின் சொந்தப் பிள்ளைதான். தன் பேய்க்கதைகளின் நாயகனாக ஏற்கெனவே அவர் படைத்து வைத்திருந்த பாத்திரம். ஒரு கையால் பேய்க்கதையும் மறுகையால் துப்பறியும் கதையும் எழுதிய ஒருவர், இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து மோதவிட்டார். அங்கே ஜெயித்தது ப்யோம்கேஷ். ஆனால் பின்னாளில் எழுதிய 'சைல ரகஸ்ய'த்தில், மகாபலேஷ்வர் மலை ஹோட்டல் ஒன்றில் ப்யோம்கேஷையே ஆவி சந்திக்கிறது. கடைசிவரை அதற்கு விளக்கமே இல்லை. சத்யான்வேஷி கையை விரித்துவிடுகிறார். முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் கவனித்தால், மகாபலேஷ்வர் பேய் யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. தன் கொலைக்கு நியாயம் கேட்கிறது. பேயின் பெயரால் குளிர்காயும் மனிதன் அதில் இல்லை.

அயல்நாட்டுச் சூனியம்

இங்கிலாந்திலும் இந்த ரகக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அகதா கிறிஸ்டியின் 'தி பேல் ஹார்ஸ்' (1961) நாவலில் ஒரு கிராமத்து வீட்டில் மூன்று பெண்கள். பணம் கொடுத்தால் போதும், வேண்டாதவர்களைத் தொலைவிலிருந்தே மந்திரத்தால் முடித்துவிடுவார்கள் என்று பெயர். ஆட்களும் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், எல்லாமே இயற்கை மரணம்போல. உண்மையில் வேலை செய்தது தாலியம் என்ற விஷம். செத்தவர்களுக்கெல்லாம் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்திருந்தது. மந்திரம் வெறும் திரைச்சீலை.

அந்தப் புத்தகத்துக்கு எதிர்பாராத ஒரு பலன் கிடைத்தது. 1977இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் அறிகுறிகளைப் பார்த்துவிட்டு, தாலியமாக இருக்குமோ என்றார். பரிசோதித்தார்கள்; தாலியம்தான். குழந்தை பிழைத்தது. இதே நாவலை 2020இல் பி.பி.சி. மறுபடி டி.வி. நாடகமாக எடுத்தபோது, சூனியம் பலித்ததா இல்லையா என்பதைப் பூடகமாகவே விட்டுவிட்டார்கள். இன்றைய ரசனை அது போலும். ஆனால் அந்த நர்ஸ் படித்தது பூடகமான புத்தகமாக இருந்திருந்தால்?

நம் சேனல்களின் கதையும் அதே திசையில்தான் போனது. சோனியில் 1995இல் தொடங்கிய 'ஆஹட்', திகிலுக்கென்றே வந்த தொடர். 1998இல் அதே சேனலில் 'சி.ஐ.டி.' வந்தது. இரண்டையும் உருவாக்கியவர் பி.பி. சிங். இங்கேயும் ஒரே வீட்டில் பேயும் போலீஸும்! 2018 வரை 20 ஆண்டுகள் ஓடி, 2024 டிசம்பரில் மறுபடி தலைகாட்டிய சி.ஐ.டி.யில் பேய் பங்களா, சாபம், சூனியம் என்று ஆரம்பிக்கும் எபிசோடுகள் எத்தனையோ. பெரும்பாலும் ஏ.சி.பி. பிரத்யுமன் கடைசியில் ஒரு மனிதனைத்தான் கைதுசெய்வார். தமிழில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு'ம் அப்படித்தான்: கிராமமே கருப்புசாமியின் தண்டனை என்று நம்பிய கொலைகளுக்கு, மனநோய் என்று விடை சொன்னார் இந்திரா சௌந்தர்ராஜன். சாமி மேல் கைவைக்காமலே சொன்னார் என்பது அவர் சாமர்த்தியம்.

2010களில் நிலைமை மாறியது. 2018 முதல் 2020 வரை ஸ்டார் பிளஸ்ஸில் ஓடிய 'நஸர்' தொடரில் நீண்ட பின்னலுடன் ஒரு 'டாயன்', வில்லியாக அல்ல, கிட்டத்தட்ட நட்சத்திரமாகவே, உலா வந்தாள். விளக்கம் சொல்ல ப்யோம்கேஷும் இல்லை, பிரத்யுமனும் இல்லை. பொழுதுபோக்குதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சொல் வெறும் பொழுதுபோக்கு இல்லை.

ஒரு சொல்லின் கனம்

'டாயன்' என்பதைத் தமிழில் எழுதும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளருக்குச் சங்கடம். சூனியக்காரி என்று எழுதிவிடலாம். ஆனால் சூனியக்காரி, சூனியம் 'செய்பவள்'. டாயன் எதையும் செய்யத் தேவையில்லை. அவள் பார்த்தாலே போதும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மாடு சாகும். அவள் செய்கையில் அல்ல, அவளாக இருப்பதிலேயே குற்றம். செய்யாததை எப்படி மறுத்து நிரூபிப்பது?

சம்ஸ்கிருத 'டாகினி'தான் இந்தியில் 'டாயன்' ஆனது. நமக்கும் பழைய உறவுதான்: சிலப்பதிகாரத்தில் 'இடாகினிப் பேய்' வருகிறது. மாற்றாளின் குழந்தைக்கு மாலதி பால் புகட்டும்போது விக்கிச் செத்துவிடுகிறது. கணவனும் மாற்றாளும் தன்மேல் பழி போடுவார்களே என்ற பயத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். வழியில் இளம்பெண் உருவில் வந்து குழந்தையை வாங்கித் தின்றுவிடுகிறது இடாகினி. கல்லூரியில் இந்தப் பகுதியைப் படித்தபோது பேய்தான் மனத்தில் நின்றது. இப்போது படித்தால் நிற்பது மாலதியின் பயம். வீட்டில் ஒரு குழந்தை செத்தால் பழி எந்தப் பெண்மேல் விழும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ப்யோம்கேஷ் பேயைப் பிடித்த அதே பீகார்தான், டாயன் என்று பெண்களை முத்திரை குத்துவதற்கு எதிராக 1999இல் நாட்டிலேயே முதலாவதாகச் சட்டம் போட்ட மாநிலம். ஒரு பெண்ணை டாயன் என்று சொன்னால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சித்திரவதை செய்தால் 6 மாதம், 2,000 ரூபாய். பிரிந்துபோன ஜார்க்கண்ட் 2001இல் அதே சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. பிறகு சத்தீஸ்கர் (2005), ஒடிசா (2013), ராஜஸ்தான், அசாம் (2015). அசாம் சட்டம் கடுமையானது; முத்திரை குத்தினாலே 7 ஆண்டு வரை உள்ளே போகலாம், ஜாமீன் கிடையாது. மத்தியச் சட்டம் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களில் சூனியத்துக்கென்று தனி வரியே வைத்திருக்கிறது. 2022இல் அந்த வரியில் 85 உயிர்கள்.

இங்கேதான் ப்யோம்கேஷின் கேள்வி பயன்படுகிறது. கொல்லப்படுபவர்களில் கணிசமானோர் விதவைகள், தனியாக வாழும் பெண்கள். ஜார்க்கண்டின் பல பழங்குடிச் சமூகங்களில் கணவன் செத்தால் நிலத்தின் பலனை விதவை ஆயுள்வரை அனுபவிக்கலாம். அவளுக்குப் பிறகு அது கணவனின் ஆண் பங்காளிகளுக்குப் போகும். கோவிந்த் கேல்கரும் தேவ் நாதனும் பல ஆண்டுகளாக எழுதிவருவது இதைத்தான்: ஆயுள் முடியக் காத்திருக்கப் பொறுமையில்லாத பங்காளிக்கு, 'டாயன்' என்ற ஒரு சொல் போதும். முங்கேர் வீட்டைக் காலிசெய்ய மரக்கால் வேண்டியிருந்தது. இங்கே அதுகூடத் தேவையில்லை.

ஆனால் எல்லா வழக்கையும் நிலத்தகராறு என்று முடித்துவிட முடியாது. கதையில் மரக்காலில் ஏறியவனுக்குப் பேய் இல்லை என்று நன்றாகத் தெரியும். கிராமத்திலோ, கல்லெடுத்து வரும் கூட்டத்தில் பாதிப்பேர் மனதார நம்புகிறவர்கள். குழந்தைக்கு மலேரியா; ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர்; ஓஜா, அதாவது மந்திரவாதி, அடுத்த தெரு. அவர் ஒரு வீட்டைக் கைகாட்டுகிறார். ஆதாயம் ஒருவருக்கு, பயம் எல்லோருக்கும். குற்றவாளியைப் பிடித்துக்கொடுத்தால் கதை முடிகிற வசதி ப்யோம்கேஷுக்கு உண்டு. இங்கே ஊரே நிற்கிறது, சாட்சி சொல்ல மட்டும் யாரும் வருவதில்லை.

சுட்னி மகதோவுக்கு நடந்தது 1995இல். இன்றைய ஜார்க்கண்டின் சராய்கேலா பகுதி, அன்று பீகார். பக்கத்து வீட்டுப் பெண் நோயில் விழ, பழி இவர்மேல் விழுந்தது. மலத்தைத் தின்னவைத்தார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார். பிறகு, தன்னைப்போலத் துரத்தப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுப்பதே அவர் வேலையாயிற்று.

2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அதே பட்டியலில் அசாமின் பிருபாலா ராபாவும் இருந்தார். கோல்பாரா மாவட்டத்துக் கிராமப் பெண், படிப்பு அதிகமில்லை. 1980களில் அவருடைய மூத்த மகனுக்குக் கடும் நோய். மந்திரவாதி வந்து பார்த்தார். பையனை ஒரு மோகினி பிடித்திருக்கிறது, மூன்று நாளில் செத்துவிடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு அழுதது.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாளும் போனது. பையன் உயிரோடு இருந்தான். இவர் சொன்னது பொய் என்றால், ஊரில் இதுவரை இவர்கள் டாயன் என்று கைகாட்டிய பெண்களெல்லாம்? 2024 மே மாதம் புற்றுநோயால் இறக்கும்வரை, பிருபாலா இந்தக் கேள்வியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.