எச்.ஆரிடம் சொன்னது எங்கே போகும்?

வேலை செய்யும் இடத்தில் மனிதவளத் துறையிடம், அதாவது எச்.ஆரிடம், ஊழியர் சொல்லும் எல்லாமே ரகசியமாக இருக்கும் என்று இந்தியச் சட்டம் எங்கும் பொதுவான உறுதி தரவில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் காப்பு உண்டு. மனநல மருத்துவரிடம் சொல்வதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் காப்பு தருகிறது. எச்.ஆருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அவர் நிர்வாகத்தின் ஆள். அவரிடம் புகார் சொன்னால் நிர்வாகத்திடமே சொன்னதாகத்தான் ஆகும்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. புகார் தெரிந்த பிறகும் நிறுவனம் சும்மா இருந்தால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே மேலாளர் மீது குறை வந்தால், எச்.ஆர் அவரையும் உடன் வேலை செய்பவர்களையும் விசாரித்தாக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை எச்.ஆரால் காப்பாற்ற முடியாது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும், தெரிய வேண்டிய அளவுக்குச் சொல்வதே நல்ல எச்.ஆர் கடைப்பிடிக்கும் முறை. வேலையை விட்டுப் போகும்போது நடக்கும் பேட்டியிலும் குறிப்பு எடுக்கப்படும். நிறுவன மின்னஞ்சலில் அனுப்பியது நிறுவனத்தின் கணினியில் கிடக்கும். வழக்கு என்று வந்தால் இவற்றை நீதிமன்றம் கேட்டு வாங்கலாம்.

சில விஷயங்களில் மட்டும் சட்டம் வாய்ப்பூட்டுப் போடுகிறது. முக்கியமானது, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். புகாரில் இருப்பது, புகார் தந்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள், விசாரணை நடவடிக்கை, பரிந்துரை ஆகிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் இதை மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை உண்டு. அப்படி விதிகள் இல்லாத இடத்தில் 5,000 ரூபாய் அபராதம். நீதி கிடைத்த செய்தியைச் சொல்லலாம். ஆனால் பெயர், முகவரி மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டிவிடும் எந்த விவரமும் அதில் இருக்கக் கூடாது.

இந்த ரகசியம் வெளியாருக்கு எதிரானதே தவிர, எதிர்த்தரப்புக்கு எதிரானது அல்ல. புகாரின் நகல் 7 வேலை நாட்களுக்குள் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போய்விடும். தன் மீது என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்தால்தான் அவர் பதில் சொல்ல முடியும்.

எச்.ஐ.வி. நிலையும் காக்கப்பட்ட விஷயம். நம்பிச் சொன்னதைச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை எச்.ஐ.வி. தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஊழியரின் மற்ற தனிப்பட்ட தகவல்களுக்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. வேலை தொடர்பான தேவைக்கு ஒப்புதல் கேட்காமலே தகவலைப் பயன்படுத்த அது நிறுவனத்தை அனுமதிக்கிறது. கசியாமல் காக்கும் கடமையையும் அதன் மேல் வைக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

சிறிய ஊர்களில் நிலைமை வேறு. தென்காசிப் பக்கம் எச்.ஆர் என்ற சொல் பழகியதே அண்மையில்தான். மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ அலுவலகம் வந்தது. மென்பொருள் வேலை கிராமத்துப் பக்கம் வந்தது. ஆனால் இந்த வட்டாரத்தில் பலரும் செய்வது எச்.ஆர் இல்லாத வேலை: வீட்டில் பீடி சுற்றுவது, சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறி, குற்றாலத்தில் சாரல் காலத்து விடுதி வேலை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் விடுதியில், பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு அமைக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. விடுதிக்குள் குறையை முதலாளியிடமோ மேனேஜரிடமோதான் சொல்ல வேண்டும். அவர் சொந்தக்காரராகவோ அதே தெருக்காரராகவோ இருப்பதும் உண்டு. மூன்று பெண்கள் மட்டும் அறை சுத்தம் செய்யும் விடுதியில் "துப்புரவு வேலை பார்க்கும் பெண்" என்று சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். பெயரை மறைத்துப் பயனில்லை. அடையாளம் காட்டும் எந்த விவரமும் கூடாது என்று சட்டம் சேர்த்துச் சொல்வதன் அருமை இங்கே விளங்கும்.

இத்தகைய இடங்களுக்காகவும், முதலாளி மீதே வரும் புகார்களுக்காகவும், மாவட்டம்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம் என்பதால், திருநெல்வேலிக்குப் போக வேண்டியதில்லை. வட்டாரம், வட்டம், நகராட்சி அளவில் பொறுப்பு அதிகாரி புகாரை வாங்கி 7 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வீடும் அமைப்புசாராத் தொழில் நடக்கும் இடமும்கூடப் பணியிடம் என்ற வரையறைக்குள் வருகின்றன. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம்.

எச்.ஆர் இருக்கும் இடத்தில் பேச்சைத் தொடங்கும் முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது: இது புகாராகப் பதிவாகுமா, யார் யாருக்குத் தெரியும், குறிப்பு எங்கே இருக்கும்? ஆலோசனை மட்டும் வேண்டும், நடவடிக்கை வேண்டாம் என்பவர்கள் வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ முதலில் பேசலாம். நடவடிக்கை வேண்டும் என்றால் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி, நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.