மோட்டார் வண்டி ஒலிபெருக்கிகளின் முனைவுத்தன்மை

பெரும்பொருள் கொடுத்து வாங்கிய புதிய ஒலிபெருக்கிகளை மோட்டார் வண்டியிற் பொருத்தியபின், பழையவற்றினும் இவை நலிந்தே ஒலிக்கின்றன என்று முறையிடுவோர் உளர். பாடகரின் குரல் தெளிவாகவே கேட்கும். மிருதங்கத்தின் இடந்தலை முழக்கம் மாத்திரம் எங்கோ மறைந்துவிடும். இதற்காக ஒலிபெருக்கியைப் பழிப்பர் சிலர். மேலும் வலிய விரியலாக்கியொன்றை வாங்க முற்படுவர் வேறு சிலர். பல சமயங்களில் உண்மைக் காரணம் இரண்டு கம்பிகள் இடம் மாறியமையேயாம். எதுவும் எரிவதில்லை, எதுவும் ஊமையாவதுமில்லை. ஆதலாலேயே இப்பிழை எளிதிற் புலப்படுவதில்லை.

இயங்குசுருள் ஒலிபெருக்கி, 1925ஆம் ஆண்டில் றைசு, கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட அமைப்பினின்றும் அடிப்படையில் இன்றும் வேறுபட்டதன்று. காந்தப்புலத்திலே தொங்கும் சுருளில் மின்னோட்டம் ஒரு திசையிற் செல்லும்போது கூம்பு முன்னே தள்ளப்படும்; திசை மாறும்போது பின்னே இழுக்கப்படும். ஒலிபெருக்கி ஒன்றே இருப்பின், அதன் கம்பிகளை மாற்றிப் பூட்டினாலும் நம் செவி வேறுபாடு காண்பது அரிது. இரண்டு இருப்பின் நிலைமை வேறு. வலப்புறக் கூம்பு காற்றை நெருக்கும் அதே கணத்தில் இடப்புறக் கூம்பு காற்றை ஐதாக்கும். பௌதிக மாணவர் இதனை எதிரவத்தைத் தலையீடு என்பர்.

தாழ்ந்த சுரங்கள் மாத்திரம் மறைவது ஏன்? ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர். 50 ஏட்சு மீடிறனுள்ள ஒலியின் அலைநீளம் அதன்படி ஏறத்தாழ 7 மீற்றர். சிறிய வண்டியின் உள்ளகலமோ ஒன்றரை மீற்றர் அளவினது. எனவே இரு கதவுகளினின்றும் வரும் அலைகள் கேட்போரை ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடைந்து, ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். 5000 ஏட்சில் அலைநீளம் 7 சதமமீற்றர் மாத்திரமே. தலை சிறிது அசையினும் பாதை வேறுபாடு மாறிவிடுவதால் அங்கு முற்றான அழிவு நிகழாது. ஆயினும் நடுவில் நின்று பாடுவதுபோல் ஒலிக்கவேண்டிய குரல் இடமின்றிச் சிதறும். விரியலாக்கியின் வலுவைக் கூட்டுவதாற் பயனில்லை. தள்ளுவதும் இழுப்பதும் சமமாகவே பெருகுமல்லவா?

இலங்கையில் இப்பிழைக்கு இடம் மிகுதி. யப்பானிற் பாவிக்கப்பட்டு இங்கு வரும் வண்டிகளின் வானொலிகள் பல, 76 முதல் 90 மெகா ஏட்சு வரையே எஃப். எம். அலைகளை ஏற்பன. நம் நாட்டு நிலையங்களோ 108 மெகா ஏட்சு வரை பரந்துள்ளன. ஆகவே வானொலியை மாற்றுகின்றனர். செருகிகள் பொருந்தாதவிடத்துக் கம்பிகளை வெட்டி முறுக்குகின்றனர். தனியே விற்கப்படும் வானொலிகளில் முன் இடப்புறத்துக்கு வெள்ளை, முன் வலப்புறத்துக்குச் சாம்பல், பின் இடப்புறத்துக்குப் பச்சை, பின் வலப்புறத்துக்கு ஊதா என்பது பொதுவழக்கு; கரும் வரி ஓடும் கம்பி எதிர்முனை. வண்டியின் கம்பிகளோ இம்முறைக்கு உட்பட்டவையல்ல. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தமக்கென நிறமுறை வைத்துள்ளனர். நிறத்தை நம்புவதிலும் சோதித்தலே நன்று.

செவியாற் சோதிப்பது எளிது. தாழ்ந்த சுரம் நிறைந்த இசையொன்றை ஒலிக்கவிட்டு, இட வலச் சமன்செய்யும் திருகியை நடுவிலிருந்து ஒரு புறமாகத் திருப்புக. ஒரு ஒலிபெருக்கி ஓயும்போது முழக்கம் குறையாது கூடுமாயின், அவ்விரண்டும் எதிரெதிராகப் பூட்டப்பட்டுள்ளன.

ஐயமறத் துணிவதற்கு 1.5 உவோற்று உலர்கலமொன்று போதும். வானொலிப் பக்கத்திற் கம்பிச் சோடியை முதலிற் கழற்றிவிடவேண்டும்; இடையில் வேறு விரியலாக்கி இருப்பின் அங்கும் கழற்றுதல் வேண்டும். பின்னர் கலத்தின் முனைகளைக் கம்பிகளில் ஒரு கணம் தொட்டு எடுக்க, கூம்பு வெளியே பாயின், கலத்தின் நேர்முனையைத் தொட்ட கம்பியே நேர்க்கம்பி. இவ்வாறு கம்பியின் அந்தத்தில் நின்று சோதிப்பதால் ஒலிபெருக்கியும் இடையிலுள்ள இணைப்புகளும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. ஜே. பி. எல். நிறுவனத்தின் பழைய ஒலிபெருக்கிகளிற் செம்முனைக்கு நேரழுத்தம் தரக் கூம்பு உள்ளே செல்லும். இதிலிருந்து, முனையில் இட்ட குறியினும் கூம்பின் அசைவே சான்று என்பது பெறப்படும்.

பழைய வண்டிகளில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பியை உடற்சட்டத்திற் பூட்டும் வழக்கம் இருந்தது. இக்கால வானொலிகளின் வெளியீட்டுக் கம்பிகள் இரண்டும் மின்னழுத்தம் உடையன. அவற்றில் ஒன்றைச் சட்டத்தில் தொடுவித்தால் விரியலாக்கி பழுதாகலாம். உயர்சுர ஒலிபெருக்கியைக் கலத்தாற் சோதித்தலும் ஆகாது. அதன் அசைவு கண்ணுக்குத் தெரியாது. தொடராகவுள்ள கொள்ளளவி நேரோட்டத்தைத் தடுத்தும் விடும். அன்றியும், மீடிறன் பிரிக்கும் சுற்றுகள் சிலவற்றில் இதனை வேண்டுமென்றே தலைகீழாகப் பூட்டுவதுண்டு. சுற்று விளைக்கும் அவத்தை மாற்றத்தை ஈடுசெய்தற்பொருட்டு. ஆகவே தயாரிப்பாளரின் குறிப்பைக் காணாது இதனைத் திருத்த முற்படலாகாது.

பொதிப்பெட்டியில் வைக்கும் தாழ்சுர ஒலிபெருக்கிக்குக் கலச் சோதனை மாத்திரம் போதாது. 80 ஏட்சில் அரை அலைநீளம் ஏறத்தாழ 2 மீற்றர். சாரதியிடமிருந்து அதன் தொலைவு இவ்வளவுக்கு நெருங்கியது. முனைகள் செம்மையாயிருந்தும் அலைகள் முரண்பட்டு வரக்கூடும். அதனிலுள்ள அவத்தை ஆளியை இரு நிலையிலும் வைத்து, சாரதியின் இருக்கையிலிருந்தே கேட்டு, முழக்கம் நிறைவாயுள்ள நிலையில் அதனை விட்டுவிடுக.