ரயில் வந்தது, ஊர் எங்கே?

ஓட்டலின் வயிற்றுக்குள் ரயில் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வருகிறது. மாடிக் கூடத்தில் சிற்றுண்டி அருந்தும் விருந்தாளி நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே வண்டி ஓடுவதைக் காணலாம். அமெரிக்காவில், ஃபிளாரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா 1971 அக்டோபர் 1-ஆம் நாள் திறக்கப்பட்டபோதே, 'காண்டெம்பரரி' என்ற இந்த விடுதியும் அதன் நடுவே செல்லும் மோனோரெயிலும் இருந்தன.

கேளிக்கைப் பூங்காவுக்கும் உல்லாச விடுதிக்கும் இடையே ஓடும் வண்டியைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். வேடிக்கை பார்க்க நாம் அங்கே போகவில்லை. பணம் கொண்டுவருபவனுக்குப் பாதை போடும்போது முதலாளி எவ்வளவு கெட்டிக்காரன், பாடுபட வருபவனுக்குப் பாதை போட வேண்டிய இடத்தில் அவன் எப்படிக் கையை விரிக்கிறான் என்பதைக் காட்ட அதைவிடத் தெளிவான கண்ணாடி கிடையாது. ஆகவே போகிறோம்.

கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. அனஹைம் நகரில் 1955-இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அருகே எழுந்த டிஸ்னிலாந்து ஓட்டல் பெயரளவில்தான் டிஸ்னியுடையது. உடைமை வேறொருவர் கையில் இருந்தது. 1959 ஜூனில் பூங்காவுக்குள் மோனோரெயில் ஓடத் தொடங்கியது. துணை ஜனாதிபதி நிக்சன் குடும்பத்தோடு வந்து ஏறினார். 1961-இல் அந்த ரயில் பூங்கா எல்லையைத் தாண்டி ஓட்டல் வாசலுக்கே நீட்டப்பட்டது. பூங்காவையும் விடுதியையும் ரயிலால் முடிச்சுப் போடும் வித்தை அன்றே பிறந்துவிட்டது. பூங்கா தன்னுடையது, சுற்றிலும் முளைத்த விடுதிகளின் லாபமோ மற்றவர்களுடையது என்பது வால்ட் டிஸ்னிக்கு உறுத்திற்று. எனவே ஃபிளாரிடாவில் வேறு வேறு பெயர்களில் கம்பெனிகளைக் காட்டி, வாங்குவது யார் என்று விற்பவனுக்கே தெரியாமல், 27,000 ஏக்கருக்கு மேல் வளைத்துப் போட்டார்கள்.

ஆனால் அந்த மனிதர் அங்கே வெறும் பூங்கா மட்டும் கட்ட நினைக்கவில்லை. 1966 அக்டோபரில் எடுத்த ஒரு படத்தில் தம் திட்டத்தைத் தாமே விளக்கினார். 'எப்காட்' என்று ஒரு நகரம். 20,000 பேர் குடியிருப்பார்கள். வீட்டு வாசலிலிருந்து சிறு வண்டி, அங்கிருந்து மோனோரெயில், அதில் ஏறினால் வேலை செய்யும் இடம். மோட்டார்களும் லாரிகளும் நிலத்துக்கு அடியில் போகும். பிள்ளைகள் அச்சமின்றி மேலே நடக்கலாம். அந்த ஊரில் குடியிருப்பவனுக்கு நிலவுரிமை கிடையாது. எல்லாரும் வாடகைக்குத்தான் இருக்க வேண்டும். கம்பெனியே கிராம முன்சீபு, கம்பெனியே மிட்டாதார்! அதை நாம் போற்றவில்லை. ஆயினும் ஓர் உண்மையை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது. தொழிலாளி எங்கோ ஓரிடத்தில் உறங்கி எழுந்து வருகிறவன். அவன் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே வண்டி ஓட வேண்டும் என்பதே அந்த உண்மை.

1966 டிசம்பர் 15-இல் வால்ட் டிஸ்னி இறந்தார். நகரம் கட்டப்போவதாகச் சொல்லி, 1967-இல் மாநிலச் சட்டசபையில் ஒரு சட்டம் வாங்கினார்கள். ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்று பெயர். சாலை போடலாம், வடிகால் வெட்டலாம், கட்டிட விதி வகுக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம். ஓர் அரசாங்கத்துக்குரிய அதிகாரங்கள் கம்பெனியின் மடியில் விழுந்தன. அதிகாரம் வந்தது. ரயிலும் வந்தது. ஊர் வரவில்லை! 1982-இல் எப்காட் என்ற பெயரில் திறக்கப்பட்டது ஒரு பொருட்காட்சிப் பூங்கா. மோனோரெயில் அங்கேயும் நீண்டது, பார்க்க வருபவனுக்காக.

இன்று அங்கே ஓடும் வண்டிகளைக் குறை சொல்ல மாட்டோம். மோனோரெயில் பாதை ஏறத்தாழ 15 மைல். மூன்று விடுதிகளைத் தொட்டுச் செல்கிறது. ஏரியில் படகுகள், சாலையில் நூற்றுக்கணக்கான பஸ்கள். 2019 செப்டம்பர் 29 முதல், கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டிகள் எப்காட்டையும் மற்றொரு பூங்காவையும் நான்கு விடுதிகளோடு இணைக்கின்றன. அவற்றில் இரண்டு, குறைந்த வாடகை விடுதிகள். அங்கே தங்குகிறவனுக்கும் வான்வழி கிடைத்தது நல்லதே. இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். 1988-இல் கட்டிய 'கிராண்ட் ஃபிளாரிடியன்' என்ற ஆடம்பர விடுதிக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் இடையே மோனோரெயில் உண்டு, படகு உண்டு. நடந்து போக ஒரு பாதை 2020-இல்தான் வந்தது! காசுள்ளவனுக்கும் கால் உண்டு என்பது தெரிய 32 ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவும் விருந்தாளிக்கு இலவசம். ஏன்? தருமமா? சொந்தக் கார் இல்லாமல் வந்து இறங்கியவன் பக்கத்துப் போட்டிப் பூங்காவுக்குப் போய்ப் பணத்தைக் கொட்ட மாட்டான். கம்பெனியின் எல்லைக்குள்ளேயே தின்று, தங்கி, செலவழிப்பான் என்பது நம் கணக்கு. கணக்கு மாறினால் இலவசமும் மாறும். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு 2005 முதல் விட்டு வந்த இலவச பஸ்ஸை 2022 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வண்டிகளை ஓட்டுவது யார்? கம்பெனி அவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. 'நடிகர் குழுவினர்' என்று அழைக்கிறது. பஸ் ஓட்டுபவனும் நடிகன், பாத்திரம் கழுவுபவளும் நடிகை! 2009 ஜூலை 5-ஆம் நாள் அதிகாலை 2 மணி வாக்கில், மோனோரெயில் ஒன்றைப் பின்னோக்கி வேறு தடத்துக்குக் கொண்டுபோக உத்தரவு கொடுக்கப்பட்டது. தடம் மாற்றும் உத்திரமோ நகர்த்தப்படவில்லை. பின்னோக்கி வந்த வண்டி, நிலையத்தில் நின்ற வண்டியின் மீது மோதியது. நின்ற வண்டியை ஓட்டியவர் 21 வயது இளைஞர், அங்கேயே மாண்டார். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், உத்திரம் சரியான இடத்தில் வைக்கப்படாததையும், அதைச் சரிபார்க்காமல் மேலாளர் பின்னோக்கிச் செல்ல அனுமதி தந்ததையும் காரணமாகச் சொல்லியது. முறையான செயல்விதிகளைக் கம்பெனி வகுக்காததும் துணைக்காரணம் என்றது. அந்த அனுமதியை ரேடியோவில் தந்தபோது மேலாளர் கட்டுப்பாட்டு அறையில்கூட இல்லை. 2019 அக்டோபர் 5 இரவு, தொடங்கி ஒரு வாரமே ஆன கம்பிப் பெட்டிகள் நின்றுபோய், மணிக்கணக்கில் மக்கள் வானில் தொங்கினார்கள். அவர்களில் பலரை இறக்கியவர்கள் தீயணைப்புத் தொழிலாளர்கள்.

வேலை முடிந்ததும் இந்த 'நடிகர்கள்' எங்கே போகிறார்கள்? 75,000-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடம் அது. குறைந்த கூலிக்காரரில் ஒரு பகுதியினர் கிஸ்ஸிமீ பக்கம், 192-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் சுற்றுலாக்காரருக்காகக் கட்டிய மலிவு விடுதிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. வீட்டு முன்பணம் கட்ட வழியில்லாத குடும்பங்கள் அவற்றில் வார வாடகைக்கு அறை எடுத்துப் பிள்ளை குட்டிகளோடு கிடக்கின்றன. 2017-இல் வந்த 'தி ஃபிளாரிடா ப்ராஜெக்ட்' என்ற திரைப்படம் இவர்களைப் பற்றியதுதான். பூங்காவின் வாணவேடிக்கை சில மைல் தொலைவில். மோனோரெயில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வாய்த்தது 'லிங்க்ஸ்' என்ற பொதுப் பஸ். அந்த நெடுஞ்சாலை வழியே 56-ஆம் எண், ஆர்லாண்டோ நகரிலிருந்து 50-ஆம் எண். பஸ் தவறினால் வேலைக்குத் தாமதம். தாமதம் கூடினால் வேலைக்கே ஆபத்து. கார் வாங்கினாலோ, தவணையும் பெட்ரோலும் இன்ஷ்யூரன்சும் கூலியைக் கடித்துத் தின்னும். காரில் வந்தவனும் தொலைவில் நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். முதன்மைப் பூங்காவில் வேலை என்றால், பிறகு விருந்தாளி கண்ணில் படாதபடி அடித்தளச் சுரங்க வழியே நடந்து போக வேண்டும்.

கூலிக்காகச் சங்கங்கள் போராடாமல் இல்லை. 2018 ஒப்பந்தத்தில், 2021-க்குள் மணிக்கு 15 டாலர் என்று வாங்கினார்கள். 2023 பிப்ரவரியில் கம்பெனி நீட்டிய தொகையைத் தொழிலாளர்கள் பெருவாரியான வாக்கில் தூக்கி எறிந்தார்கள். அடுத்த மாதமே 18 டாலருக்குக் கம்பெனி இறங்கி வந்தது. ஆறு சங்கங்கள், ஏறத்தாழ 45,000 தொழிலாளர்கள், ஒரே மேசை. ஒற்றுமையின் விலை அது! ஆனால் வென்ற கூலியில் ஒரு பங்கை மோட்டார் வண்டி பறித்துக்கொண்டு போனால், வென்றதில் பாதிதானே மிச்சம்?

பொதுப் போக்குவரத்தை வளர்க்க வாய்ப்பே வரவில்லையா? வந்தது. பிரைட்லைன் என்ற தனியார் ரயில் 2023 செப்டம்பரில் மயாமியிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் வரை வந்தது. அதற்கு அப்பால் டிஸ்னி நிலத்திலும் ஒரு நிலையம் அமைக்க 2020-இல் இசைந்த கம்பெனி, பாதையை மாற்றும் பேச்சு எழுந்ததும் 2022-இல் விலகிக்கொண்டது. அதே 2022 நவம்பரில், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சாலைக்குமாக விற்பனை வரியில் ஒரு சதவிகிதம் கூட்டலாமா என்று ஆரஞ்ச் மாவட்ட மக்களிடம் வாக்கெடுத்தார்கள். தோற்றது. அதில் நமக்கு வியப்பில்லை. சோப்பு வாங்கும் ஏழையிடமும் அந்த ஒரு சதவிகிதத்தைக் கேட்டார்கள் அல்லவா?

வேறு பணம் இல்லையா என்றால், இருக்கிறது. விடுதி அறை வாடகை மீது அதே ஆரஞ்ச் மாவட்டம் 6 சதவிகிதம் வரி வாங்குகிறது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 30 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. மாநிலச் சட்டமோ அதில் பெரும்பங்கைச் சுற்றுலா விளம்பரத்துக்கும், மாநாட்டு மண்டபத்துக்கும், விளையாட்டு அரங்கத்துக்கும் என்று கட்டிப்போட்டிருக்கிறது. விருந்தாளியின் படுக்கை விரிப்பைத் துவைத்து மடித்து வைப்பவளின் பஸ்ஸுக்கு அந்தப் படுக்கை வரியிலிருந்து எடுக்கும் வழி ஊசிக்காதாக இருக்கிறது! தனியார் பூங்கா தன் விருந்தாளிக்கு வண்டி விடுகிறது, மற்றது அரசாங்கத்தின் பாடு என்பார் சிலர். 1967 முதல் 2023 வரை அந்த நிலத்தில் அரசாங்கம் யார்? கம்பெனியின் பிடியிலிருந்த மாவட்டம்தானே? 2023-இல் கவர்னர் டிசாண்டிஸ் அந்தப் பிடியைப் பறித்துத் தம் ஆட்களை உட்கார வைத்தார். சண்டை மூண்டது ஒரு பள்ளிக்கூடச் சட்டத்தைப் பற்றி. பஸ்ஸைப் பற்றி அல்ல.

முடியாத காரியம் என்றும் சொல்ல இடமில்லை. இதே டிஸ்னியின் பூங்கா 1992-இல் பாரிஸ் அருகே திறந்தபோது, நகரத்துப் பொது ரயில் அந்த மாதமே வாசலுக்கு வந்தது. 1994-இல் அதிவேக ரயிலும் வந்தது. ஹாங்காங்கில் 2005-இல் பூங்கா திறக்குமுன்பே நகர ரயிலின் கிளைப் பாதை ஓடத் தொடங்கிவிட்டது. பெட்டியில் மிக்கி எலிக் காதுபோல் ஜன்னல் வைத்திருக்கிறார்கள்; சிரிப்புக்கிடம்தான். ஆனால் பூங்காவில் கூட்டிப் பெருக்குகிறவனும் அதே பெட்டியில், அதே ரயிலில் வீடு போய்ச் சேரலாம். அரசாங்கம் முன்னே நின்ற இடங்கள் அவை.

2022-இல் டிஸ்னி கம்பெனி, ஆரஞ்ச் மாவட்டத்தின் தென்மேற்கில் சுமார் 80 ஏக்கர் ஒதுக்கி, 1,300-க்கு மேற்பட்ட எளிய வாடகை வீடுகளுக்கு இடம் தருவதாக அறிவித்தது. எப்காட் நகரம் என்று பேசி 56 ஆண்டுகளுக்குப் பிறகு! ஆறு சங்கங்களின் தோழர்களுக்கு நம் யோசனை ஒன்று உண்டு. அடுத்த ஒப்பந்த மேசையில் கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வரிகள் எழுதட்டும். அந்த வீடுகளிலிருந்தும் 192-ஆம் நெடுஞ்சாலையிலிருந்தும் வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் கம்பெனி பஸ் வர வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து கூலி நேரம் எண்ணப்பட வேண்டும்.