பத்திரம் பாங்கியில்... பிள்ளை சிகாகோவில்!

அமெரிக்கா போன முதல் மாதமே வலை விரிக்கும் மோசடிக் கும்பல்கள்

ஒரகடம்,

ஒரகடம் கூட்டு ரோட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் போதும். ஜப்பான் கம்பெனி பஸ், ஜெர்மனி கம்பெனி பஸ், கொரியா கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் என்று பாதி உலகம் கண் முன்னால் போய்விடும். ரோட்டை விட்டு உள்ளே போனால் வடக்குப்பட்டு. 2022-ல் மத்திய தொல்லியல் துறை அங்கே பள்ளம் தோண்டியபோது ஆதிமனிதன் செதுக்கிய கல் கருவிகள் கிடைத்தன. ரோமாபுரி ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இப்போது இங்கிருந்து அங்கே போகிறார்கள். போவது ஜாடி அல்ல, பிள்ளைகள்!

இன்ஜினீயரிங் முடித்துவிட்டு எம்.எஸ். படிக்க அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் கூட்டம் வருடா வருடம் பெருத்து வந்தது. 2023-24 கல்வி ஆண்டில் அங்கே படித்த இந்திய மாணவ-மாணவிகள் 3 லட்சத்து 31 ஆயிரத்து 602 பேர். அந்த ஆண்டில்தான், 2009-க்குப் பிறகு முதல் முறையாக, இந்தியா சீனாவைப் பின்னுக்குத் தள்ளி முதல் இடத்துக்கு வந்தது.

பணம்?

அங்கேதான் வீட்டுப் பத்திரம் வெளியே வருகிறது. பாங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டப்படி 4 லட்ச ரூபாய் வரை ஜாமீன் இல்லை. ஏழரை லட்சம் வரை இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு மேலே போனால் வீடோ மனையோ அடமானம். அமெரிக்கப் படிப்பு ஏழரை லட்சத்தில் முடிகிற காரியமா? படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டவேண்டாம் என்பார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. பீஸ் டாலரில், கடன் ரூபாயில். 2024 டிசம்பரில் 85 ரூபாயைத் தாண்டிய டாலர், 2025 டிசம்பரில் 90 ரூபாயையும் தாண்டியது. பையன் அதே வகுப்பில் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். இங்கே கடன் மட்டும் வளர்ந்துவிட்டது!

கொரியாக்காரரும் நம்ம பையனும்

ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் போர்டு மாட்டிய ஓட்டல்களைப் பார்க்கலாம். அங்கிருந்து வேலைக்கு வரும் ஆபீசருக்கு வீடு பிடிப்பது, கார் வைப்பது, பேப்பர் வேலை பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் கம்பெனி பாடு. நம்ம பையனுக்குப் பின்னால் கம்பெனி கிடையாது. 2 சூட்கேஸ், ஒரு பிரஷர் குக்கர், பருப்புப் பொடி, பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 என்ற ஒரு காகிதம். இவ்வளவுதான் கூடப் போவது.

சிகாகோவை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் போகும் நகரங்களில் அதுவும் ஒன்று. குளிர் எப்படி என்று கேட்டால் ஒரே ஒரு கணக்குப் போதும்: 2019 ஜனவரி 30-ந் தேதி அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வாடகையோடு ஹீட்டரும் சேர்ந்த வீட்டில், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 20 டிகிரிக்குக் குறையாமல் சூடு வைக்கவேண்டும் என்பது அந்த நகரத்துச் சட்டம். வைக்காத வீட்டுக்காரர் மீது 311 என்ற நம்பரில் நகராட்சிக்குப் புகார் செய்யலாம். நம்ம பிள்ளைகள் 4 கம்பளி போர்த்திக்கொண்டு கம்மென்று படுத்துக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டுக் கவலை அவ்வளவு இல்லை. வடக்கே டெவான் அவென்யூ என்ற தெருவில் புளி, உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். அதில் ஒரு பகுதிக்கு காந்தி மார்க் என்றே கவுரவப் பெயர். ரெயிலில் சிவப்பு லைன், நீல லைன் இரண்டும் ராத்திரி முழுக்க ஓடும். ஓடுகிறது என்பதற்காக நடுநிசியில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கக்கூடாது. 2024 பிப்ரவரியில் ஐதராபாத் மாணவர் ஒருவரை அதே நகரத்தில் விரட்டி விரட்டி அடித்து செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் ஒழுக அவர் பேசிய வீடியோ இங்கே வீட்டுக்கு வீடு ஓடியது.

ஆனால் அடிதடியைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது வேறு.

போட்டோவில் வீடு, நேரில் வேறு ஆள்

முதல் வலை வீட்டு வாடகை. இங்கிருந்தே போட்டோவைப் பார்த்து, "தம்பி, இன்னும் 3 பேர் கேட்கிறார்கள், அட்வான்ஸ் அனுப்பினால்தான் வீடு உனக்கு" என்ற அவசரத்தில் டாலர் அனுப்பிவிடுகிறார்கள். விமானம் இறங்கி, பெட்டியோடு போய்க் கதவைத் தட்டினால் உள்ளே வேறு குடும்பம் குடியிருக்கும்! செல்போனில் அனுப்பிய பணம் திரும்பி வருவது குதிரைக் கொம்பு. உண்மையான வீட்டுக்காரரும் சும்மா விடுவதில்லை. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய சரித்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார். புதிதாக வந்தவனுக்கு ஏது சரித்திரம்? அதனால் கூடுதல் டெபாசிட் கேட்பார், இல்லாவிட்டால் அங்கேயே உள்ள ஒருவரின் ஜாமீன் கேட்பார். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. நடுவில் காலி செய்தால் மிச்ச மாத வாடகைக்கு வம்பு.

முதல் மாதம் பல்கலைக்கழக விடுதியிலோ, சீனியர் மாணவர்களின் அறையிலோ தங்கிக்கொண்டு நேரில் வீடு பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

வாரம் 20 மணி நேரம்

எப்-1 என்பது மாணவர் விசா. அதில் வேலைக்கு என்று கறாரான கணக்கு உண்டு. பல்கலைக்கழக வளாகத்துக்குள், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். லைப்ரரியில் புத்தகம் அடுக்கலாம், கேன்டீனில் தட்டு எடுக்கலாம். வளாகத்துக்கு வெளியே, பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் கையில் காசு வாங்கி வேலை பார்த்தால் அது விசா மீறல். முதலாளி பாதிச் சம்பளத்தை அமுக்கினாலும் புகார் கொடுக்கப் பயம். அது முதலாளிக்கும் தெரியும்.

போய் இறங்கியதும் வெளிநாட்டு மாணவர் ஆபீசில் பதிவு செய்யவேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் சொல்லவேண்டும். பாடங்களைக் குறைத்து எடுக்கக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் கம்ப்யூட்டரில் உள்ள பெயர் அடிபட்டுப் போகும் ஆபத்து உண்டு. பெயர் போனால் படிப்பும் போச்சு. இங்கே பத்திரத்தின் கதி?

வாத்தியார் இல்லாத காலேஜ்

இந்த இடத்தில்தான் புரோக்கர்கள் உள்ளே வருகிறார்கள். "வகுப்புக்குப் போகவேண்டாம், பீஸ் கட்டினால் போதும், முழு நேரம் வேலை பார்க்கலாம்" என்பதுதான் அவர்கள் பாட்டு. கடன் கழுத்தை நெரிக்கும்போது இந்தப் பாட்டு இனிக்கும்.

கலிபோர்னியாவில் டிரைவேலி என்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் அதைச் சோதனை போட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு மாணவர்கள் பதிவேட்டில் இருந்தார்கள், பெரும்பாலோர் ஆந்திரப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே ஒரு அடுக்கு வீட்டில் குடியிருப்பதாக எழுதி வைத்திருந்தார்கள்! மாணவர்கள் சிலரின் காலில், எங்கே போகிறார்கள் என்று காட்டும் ரேடியோ வளையத்தை மாட்டி அனுப்பியது இந்தியாவில் பெரிய கொதிப்பை உண்டாக்கியது. நிறுவனரான பெண்ணுக்கு 2014-ல் 16 வருடத்துக்கும் மேல் ஜெயில்.

அடுத்தது இன்னும் விசித்திரம். சிகாகோவுக்குப் பக்கத்து மாநிலமான மிச்சிகனில் பார்மிங்டன் பல்கலைக்கழகம். வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது. காலேஜை நடத்தியதே அமெரிக்க உள்துறைப் பாதுகாப்பு அதிகாரிகள்தான்! விசா மோசடிக்காரர்களைப் பிடிக்க அவர்கள் விரித்த பொறி அது. 600 பேர் வரை பணம் கட்டிச் சேர்ந்தார்கள். 2019 ஜனவரி கடைசியில் கைது ஆரம்பமானது. முதல் சுற்றில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். ஆள் சேர்த்துவிட்ட 8 பேர் மீது தனி வழக்கு. வகுப்பில்லாத காலேஜ் என்று தெரிந்தேதான் சேர்ந்தார்கள் என்பது அரசுத் தரப்பு. நாங்கள் ஏமாந்தோம், கட்டிய பணத்தைத் திருப்பிக்கொடு என்று ஒரு மாணவர் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கை நடத்தலாம் என்று 2024 ஜூனில் அப்பீல் கோர்ட்டு சொன்னது. சர்க்காரே கடை விரித்து, சர்க்காரே பீஸ் வாங்கி, சர்க்காரே விலங்கும் மாட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பியபோது அந்தக் கேள்வி யாருக்கும் உதவவில்லை.

இறங்கிய விமான நிலையத்திலேயே கதை முடிவதும் உண்டு. 2023 ஆகஸ்டில் 21 இந்திய மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் விசா இருந்தால் மட்டும் போதாது. என்ன படிப்பு, பணம் யார் கட்டுகிறார் என்று குடியேற்ற அதிகாரி கேட்பார். புரோக்கர் ஜோடித்த பாங்கிக் கணக்கு அங்கே பல்லிளிக்கும். பொய் ஆவணம் என்று முடிவானால் ஆயுளுக்கும் தடை வரலாம்.

"ஆபீசர் பேசுகிறேன்"

கடைசி வலை டெலிபோன். "குடியேற்ற ஆபீசர் பேசுகிறேன், உன் பேரில் கேஸ் இருக்கிறது, இன்றைக்கே பணம் கட்டாவிட்டால் கைது" என்று மிரட்டல் வரும். புதிதாகப் போன பிள்ளை நடுங்கிப்போய்க் கட்டிவிடுகிறது. 2016 அக்டோபரில் தானே போலீசார் மும்பை பக்கம் மீரா ரோட்டில் வளைத்துப் பிடித்த கும்பல், அமெரிக்க வருமான வரி ஆபீசர் என்று சொல்லி அமெரிக்கர்களையே மிரட்டிய கூட்டம்!

2023 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் நடந்தது பயங்கரம். 17 வயது சீன மாணவனை போனிலேயே மிரட்டி மலைக்குப் போகவைத்து, கடத்திவிட்டதாகச் சொல்லி பெற்றோரிடம் 80 ஆயிரம் டாலர் கறந்தார்கள். போலீசார் கண்டுபிடித்தபோது அவன் கடும் குளிரில் கூடாரத்துக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். கடத்தியவன் பக்கத்திலேயே இல்லை.

சின்ன போலீஸ் கேசும் இப்போது சின்னதல்ல. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவை ஒரே வீச்சில் அடித்தார்கள். டிராபிக் அபராதம் போன்ற விவகாரத்தில் சிக்கியவர்களும் அதில் இருந்தார்கள். கோர்ட்டுகளில் வழக்கு குவிந்த பிறகு, மாதக் கடைசியில்தான் பெயர்கள் திரும்பி வந்தன. மே மாதம் புதிய விசா பேட்டியை நிறுத்தி, ஜூனில் மறுபடி திறந்தபோது, சமூக வலைத்தளக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 1993-ல் ஸ்டான்போர்டு போனபோது, விமான டிக்கெட்டுக்கே அப்பாவின் ஒரு வருடச் சம்பளம் போனதாகவும், வீட்டுக்கு போன் பேச நிமிடத்துக்கு 2 டாலருக்கு மேல் ஆனதாகவும் 2020-ல் சொல்லியிருக்கிறார். இப்போது பேச்சு இலவசம். ஆனாலும், பணம் அனுப்பு என்று மிரட்டியவன் போனைத்தான் முதலில் எடுக்கிறார்கள், வீட்டுக்கு அப்புறம்தான் சொல்கிறார்கள்.

மிரட்டல் வந்தால் போனை வைத்துவிட்டு, வெளிநாட்டு மாணவர் ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்கவேண்டும். ஆபத்து என்றால் 911. சிகாகோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இல்லினாய், மிச்சிகன், இண்டியானா எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். வடக்குப்பட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்து 8 மணி ஆகும்போது சிகாகோவில் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. ஆபீஸ் திறக்கிற நேரம்.