குமிழித் தூணும் கம்பளிப் பந்தும்

நெதர்லாந்தில் ஏடே ஊரை ஒட்டி டி ஹார்டன்பெர்க் என்றொரு காப்பகம். கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள். 1970களில் அங்கு வேலை பார்த்த யான் ஹுல்செக்கே, அட் வெர்ஹூல் என்ற இருவர் கோடை விழாவுக்காக ஒரு கூடாரம் போட்டார்கள். மின்விசிறிக் காற்றில் காகிதத் துணுக்குகள் பறந்தன. தண்ணீரில் கரைந்த மை திரையில் உருமாறிக்கொண்டே இருந்தது. தடவிப் பார்க்கப் பொருள்கள், முகர வாசனைக் குப்பிகள், ருசிக்கத் தின்பண்டம் எல்லாம் இருந்தன. உள்ளே வந்தவர் எதையும் கற்க வேண்டாம், செய்துகாட்ட வேண்டாம். பிடித்ததைத் தொட்டால் போதும். ‘ஸ்னூசலன்’ என்று அவர்கள் பெயரிட்ட இந்த ஏற்பாடு நிரந்தர அறைகளாக வளர்ந்தது. 1980களில் இங்கிலாந்துக்குப் போனது. பிறகு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த முதியவர்கள் வாழும் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது.

அங்கே இதற்குத் தேவை இருந்தது. டிமென்ஷியா முற்றிய ஒருவரிடம் ‘இன்று என்ன கிழமை, இது யார் தெரிகிறதா’ என்று கேட்பது பரீட்சை வைப்பது போலத்தான். நாளெல்லாம் நாற்காலியில் சும்மா உட்கார்த்தி வைத்தாலும் அவர் மூளைக்குத் தீனி இல்லை. தொலைக்காட்சியும் தட்டுமுட்டுச் சத்தமும் சேர்ந்து ஒலித்தால் எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று பிரிக்கவும் முடியவில்லை. இரண்டுமே கத்தலில், அடிக்கக் கை ஓங்குவதில், ஓயாமல் நடப்பதில் போய் முடியலாம். அப்போது கை நீள்வது மாத்திரையை நோக்கி. மனநோய்க்கான மருந்துகளில் ஒரு வகை, டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. பிரிட்டனில் டிமென்ஷியா உள்ள 1,80,000 பேர் இத்தகைய மருந்துகளை உட்கொள்வதாகவும், அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,800 பேர் கூடுதலாக இறப்பதாகவும் 2009இல் அரசு கேட்டு வாங்கிய ஓர் அறிக்கை கணக்கிட்டது. மருந்தில்லாத வழியைத் தேட இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஸ்னூசலன் அறைக்குள் முதலில் கண்ணில் படுவது குமிழித் தூண். ஆள் உயர அக்ரிலிக் குழாயில் தண்ணீர் நிரம்பியிருக்கும். அடியில் உள்ள காற்றுப் பம்பு குமிழிகளை மேலே அனுப்ப, எல்இடி விளக்குகள் அவற்றுக்கு நிறம் ஏற்றும். வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல இது. குழாயில் கன்னத்தையோ உள்ளங்கையையோ வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். கண் மங்கியவருக்கும் அது எட்டும். அடுத்தது ஒளியிழைக் கற்றை. விளக்கு தள்ளி ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. ஒளி மட்டும் இழையின் உட்சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து நுனிவரை வருகிறது. இழையில் மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை. மடியில் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம், பின்னலாம். இவற்றோடு சுவரில் மெதுவாக நகரும் படங்களைக் காட்டும் புரொஜெக்டர், வாசனை பரப்பும் கருவி, பாட்டு.

இவ்வளவையும் வாங்கி அடுக்கிவிட்டால் வேலை முடிந்ததா? பல இல்லங்கள் அப்படித்தான் நினைத்தன. சிறுவர்களுக்காகச் செய்த கருவிகளைக் கொண்டுவந்து இறக்கின. அறை டிஸ்கோ மாதிரி ஆனது. எண்பது வயதுக் கண்ணை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வயதான கண்ணின் வில்லை மஞ்சளித்து நீலத்தை வடிகட்டிவிடுவதால், இந்த அறைகள் பூசிக்கொள்ளும் நீல வெளிச்சம் முதியவருக்கு மங்கலாகவே தெரியும். தரையில் கறுப்பு விரிப்பு கிடந்தால் பள்ளம் என்று நினைத்து நின்றுவிடுபவர் உண்டு. கண்ணாடியில் தெரியும் கிழவி யார் என்று புரியாமல் மிரள்பவர் உண்டு. பளிச்பளிச்சென வெட்டும் விளக்கு வலிப்பையே வரவழைக்கலாம். அல்சைமரில் முகரும் திறன் ஆரம்பத்திலேயே குறையத் தொடங்குவதால், விலையுயர்ந்த வாசனைக் கருவி சிலருக்கு வீண்.

லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பாளர் ஆன்கே யாகோப், தொழில்வழி மருத்துவ வல்லுநர் லெஸ்லி கோலியருடன் சேர்ந்து 2014இல் முதியோர் இல்லங்களுக்கென ஒரு கையேடு எழுதினார். நெசவுத் துணி, கம்பளி போன்ற பழகிய பொருள்களுக்கு அதில் முக்கிய இடம் உண்டு. எனக்கு இது சரியென்றே படுகிறது. ஆயுள் முழுக்கப் பின்னல் போட்ட ஒருத்திக்கு ஒளியிழையைவிடக் கம்பளி நூற்பந்து நெருக்கமானது. தச்சராக இருந்தவருக்கு இழைத்த மரத்துண்டு. குடும்பத்தாரிடம் கேட்டால்தான் இது தெரியவரும். கருவி விற்பவரின் விலைப்பட்டியலில் இருக்காது.

அறை உண்மையிலேயே பலன் தருகிறதா? கறாராகப் பார்த்தால் விடை சங்கடமானது. 2002இல் ஆய்வுகளை அலசிய, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வில் தேறியவை இரண்டே சோதனைகள். நீடித்த பலனுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அறையில் இருக்கும்போது முகம் தெளிகிறது. வெளியே வந்ததும் கரைந்துவிடுகிறது. சீட்டாட்டம், வினாடி வினா போன்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் கொடுத்தது இரண்டிலும் பொது. பலன் கருவியிலிருந்து வந்ததா, துணையிலிருந்து வந்ததா என்ற சந்தேகம் நியாயமானதே.

இந்தச் சிக்கலை நெதர்லாந்துக்காரர்களே வேறு பக்கமிருந்து அணுகினார்கள். யூலியா ஃபான் வேர்ட்டும் அவர் குழுவினரும் 6 முதியோர் இல்லங்களின் 12 பிரிவுகளில் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு பிரிவில், அறையில் செய்வதை அன்றாடப் பராமரிப்புக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே வாழ்பவரின் பழைய வாழ்க்கையைக் குடும்பத்தாரிடம் விசாரித்து, எந்தத் தொடுதல், எந்த ஒலி, எந்த மணம் அவருக்குப் பிடிக்கிறது என்று சோதித்து, ஆளுக்கொரு திட்டம் எழுதினார்கள். காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி உடை மாற்றும் நேரத்திலேயே அதைப் பின்பற்றினார்கள். இல்லங்களில் சண்டை மூளும் நேரமும் அதுதான். ஆய்வின் முடிவில் இந்தப் பிரிவுகளில் ஆக்ரோஷம், எதிர்ப்பு, சோர்ந்து கிடத்தல், மனச்சோர்வு ஆகியவை மற்றப் பிரிவுகளைவிடக் குறைந்திருந்தன. அதே குழு பணியாளர்களையும் அளந்து பார்த்தது. நேர நெருக்கடி உணர்வும் மன உளைச்சலும் அவர்களுக்கும் குறைந்திருந்தன.